சஹாராவில் வசிக்கும் உரிமை

பீலெஃபெல்ட் நகரத்தின் சமூக உதவி அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நீளமாக எதையோ சொல்லிக்கொண்டு போனாள். அதில் "சஹாரா" என்ற ஒரு சொல் மட்டும் பேர்பெச்சுவாவுக்கு விளங்கியது. அவள் கணவரின் முழங்கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்களை ஆபிரிக்காவுக்கு அனுப்பப் போகினம்."

இன்னாசித்தம்பி தலைமன்னார் ரயில் நிலையத்தில் சரக்குப் பகுதிக் கிளாக்கராக இருந்தவர். பொதிகள் தவறான ஊருக்குப் போய்ச் சேருவது அவருக்குப் புதிய விஷயமல்ல. "பொறு, தம்பியைக் கேப்பம்" என்றார்.

தம்பி என்றது ஸ்ரனிஸ்லாஸை. பாஷையூர்க்காரன், இருபத்துநாலு வயது, கலியாணமாகாதவன். இவர்களுக்கு முன்னமே கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்தவன் என்பதால் ஜெர்மன் கொஞ்சம் தெரியும். தெரியாத இடங்களைத் தன் சொந்தச் சரக்கால் நிரப்பிக்கொள்வான். அவன் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்க, அவள் எழுந்து சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்தாள்.

"ஆபிரிக்கா இல்லை அக்கா. சென்ன எண்ட இடமாம்."

"சென்னையோ?" பேர்பெச்சுவாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அவர்களுடைய ஒரே மகள் அன்ரனிற்றா திருச்சியில் ஒரு கன்னியர் மட விடுதியில் இருந்தாள். சென்னைக்கு அனுப்பினால் அங்கிருந்து பஸ் எடுக்கலாம்.

"இது வேறை சென்ன. இஞ்சை இருந்து பஸ்ஸிலை போற தூரம்தான். அகதியளை வைக்கிற ஹைம் எல்லாம் நிரம்பிப் போச்சாம். ரெண்டு கிழமைக்கு மட்டும் அங்கை சஹாரா எண்ட காம்பிங்கிலை இருக்கட்டாம்."

"காம்பிலையோ?" என்றார் இன்னாசித்தம்பி. அவருக்குத் தெரிந்த காம்ப் இரண்டே வகை. ஒன்று ஆமி இருக்கிற காம்ப். மற்றது ஆமிக்குப் பயந்து ஓடினவர்கள் இருக்கிற காம்ப்.

"காம்ப் இல்லை அண்ணை, காம்பிங். சனம் காசு குடுத்து வந்து இருக்கிற இடம்."

"வீடு இல்லாத சனமோ?"

"வீடு இருக்கிற சனம்தான். லீவு வந்தால் வீட்டைப் பூட்டிப்போட்டு வந்து வண்டிலுக்குள்ளை படுப்பினமாம்."

இன்னாசித்தம்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கனிவாகச் சிரித்தாள். ஸ்ரனிஸ்லாஸின் மொழிபெயர்ப்பில் எங்கோ பெரிய பிழை இருக்கிறது என்று அவர் முடிவு செய்துகொண்டார். அது 1985ஆம் ஆண்டின் ஒக்ரோபர் மாதக் கடைசி.

மொழிபெயர்ப்பில் பிழை இருக்கவில்லை. நகரத்துக்குத் தெற்கே, பைன் மரங்களும் பற்றையும் மணலுமாகக் கிடந்த அந்தப் பிரதேசத்தில் ஹோல்ட்கம்ப் என்ற ஒருவர் முன்னொரு காலத்தில் மணல் தோண்டி விற்றுக்கொண்டிருந்தார். விற்கத்தக்க மணல் முடிந்தபோது அவரிடம் ஒரு பெரிய பள்ளமும் விற்க முடியாத மணல்மேடுகளும் மிஞ்சின. பள்ளத்தில் தண்ணீர் விட்டுக் குளமாக்கினார். வாசலில் சீமெந்தில் ஒரு ஒட்டகம் செய்து நிறுத்தினார். "சஹாரா காம்பிங்" என்று பலகை தொங்கவிட்டுவிட்டு, சில வருடங்களில் காலமானார். இப்போது அவருடைய மனைவி நடத்திவந்தாள். பாலைவனத்தில் ஒட்டகத்துக்கு உயிர் இருக்கும், தண்ணீர்க் குழாய் இராது. இங்கே நிலைமை மறுவளம். கோடையில் கனல் காற்றும் காலிடையே மணலுமாக ஒரு மாதம் கிடந்துவிட்டு, பாலைவனம் பார்த்து வந்தோம் என்று சொல்லிக்கொள்ள நூற்றுக்கணக்கான சனம் வந்தது. அவர்களில் பாதிப்பேர் வருடம் முழுவதற்கும் இடம் பிடித்து, தங்கள் கரவன் வண்டியைச் சுற்றி வேலியடைத்துப் பூக்கன்று நட்டு வைத்திருந்தார்கள்.

இன்னாசித்தம்பிக்கும் பேர்பெச்சுவாவுக்கும் ஒரு கரவன் கிடைத்தது. எதிரே அதைவிடச் சின்னது ஒன்று ஸ்ரனிஸ்லாஸுக்கு. சாப்பிடுகிற மேசையை இறக்கி மெத்தையைப் பரப்பினால் கட்டில். கட்டிலை எடுத்தால்தான் மறுபடி மேசை. "சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை நித்திரை வந்தால் எழும்பி நிக்கவேண்டியதுதான்" என்றாள் பேர்பெச்சுவா. சில்லு வைத்த வீட்டில் இருக்கிறோம் என்று மகளுக்கு எழுதினாள். அப்படியென்றால் அதை ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிடலாமே என்று மகள் பதில் எழுதினாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, இன்னாசித்தம்பி வெளியே நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தபோது ஷெல் அடித்தார்கள்.

சத்தம் வெகு தூரத்தில் இல்லை. நிலம் அதிர்ந்தது. அவர் யோசிக்கவில்லை; பிறஸோடு போய்க் கரவனுக்குக் கீழே விழுந்து கிடந்தார். கொஞ்ச நேரத்தில் பேர்பெச்சுவாவும் தவழ்ந்து வந்து பக்கத்தில் படுத்தாள். எதிர்க் கரவனுக்குக் கீழே ஸ்ரனிஸ்லாஸ் ஏற்கனவே கிடந்தான். அடுத்தடுத்து இன்னும் மூன்று நான்கு வெடித்தன. பிறகு அவர்களுடைய மூக்குக்கு முன்னால் ஒரு சோடி பச்சை றப்பர்ச் சப்பாத்துகள் வந்து நின்றன. ஒரு நரைத்த தலை மெல்ல மெல்லக் குனிந்து உள்ளே பார்த்தது.

தலைக்குரியவர் அமைதியாக ஏதோ சொன்னார்.

"ஒண்டுமில்லையாம்" என்று ஸ்ரனிஸ்லாஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினான். "இங்கிலீஸ்காரர்தானாம். பக்கத்துக் காட்டிலை அவையின்ரை ஆமி பயிற்சி செய்யுதாம்."

இன்னாசித்தம்பி வாயில் இருந்த நுரையைத் துப்பினார். "உவங்கள் இஞ்சையும் வந்திட்டாங்களோ?"

நரைத்த தலை இன்னுமொரு வசனம் சொல்லிவிட்டு நிமிர்ந்தது. "என்னவாம்?" என்று பேர்பெச்சுவா கேட்டாள். கரவனுக்குக் கீழே எதையும் வைக்கக்கூடாது என்று இடத்தின் விதியில் இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னது. ஸ்ரனிஸ்லாஸ் கொஞ்சம் யோசித்தான். "காலை வணக்கம் சொல்லுறார்" என்றான்.

அவர்தான் ஹெர் லூடெக்கிங். அறுபது வயதுக்குக் கிட்ட. அடுக்களைத் தளபாடம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து, அது மூடப்பட்டதும் ஓய்வுக்கு வந்தவர். சஹாராவின் நிரந்தரக் காம்பிங்காரர் சங்கத்துக்கு அவர் தலைவர். அவருடைய கரவனுக்கு முன்னால் பலகையில் அடித்த ஒரு முன்னறை இருந்தது. அதன் கூரையில் ஒரு புகைபோக்கி இருந்தது. முற்றத்தில் கொடிக்கம்பம் இருந்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை சஹாராவில் யாரும் சத்தம் போடக்கூடாது என்ற விதியை அவர் தன் சொந்தப் பிள்ளையைப்போல வளர்த்துவந்தார். பேர்பெச்சுவா போத்தலின் அடியால் மிளகு குத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வந்து நின்று மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்.

"இந்த நேரத்திலை தேங்காய் திருவக் கூடாதாம்" என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

"தேங்காய்க்கு நான் எங்கை போறது? இருந்தால் திருவமாட்டனே."

இரண்டு கிழமை கழிந்தது. சமூக உதவி அலுவலகம் இன்னும் இரண்டு கிழமை என்றது. பிறகு அவர்களும் கேட்கவில்லை, அலுவலகமும் சொல்லவில்லை. நவம்பரில் காம்பிங்காரர்கள் தங்கள் கரவன்களைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தண்ணீர்க் குழாய் உறைந்தது. கரவனின் உட்சுவரில் இவர்கள் விட்ட மூச்சே நீராக வழிந்து, விடியும்போது கண்ணாடியில் பனிக்கட்டியாக இறுகியிருந்தது. தங்களோடு இருக்கச் சம்மதித்த ஒரே ஜெர்மன்காரர் லூடெக்கிங்தான் என்று அவர்கள் கண்டார்கள். சங்கத்தின் கரவன்களைப் பாதுகாக்க நிற்கிறேன் என்று அவர் ஸ்ரனிஸ்லாஸிடம் சொல்லியிருந்தார்.

"காவல்காரன் பாவம்" என்றார் இன்னாசித்தம்பி.

பேர்பெச்சுவா ஒத்துக்கொள்ளவில்லை. "காவலுக்கு நிக்கிற ஆம்பிளை யன்னல் சீலையைத் தோய்ச்சுப் போடமாட்டான். பூச்சட்டியைக் குளிருக்கு உள்ளுக்கு எடுத்து வைக்கமாட்டான். அந்த மனிசன் இஞ்சைதான் குடியிருக்குது."

"சொந்த நாட்டிலை ஒருத்தன் ஏன் கரவனுக்கை கிடக்கிறான்?"

"அதை அவரைத்தான் கேக்கவேணும்."

யாரும் கேட்கவில்லை. நத்தார்ப் பூசை முடிந்து பட்டணத்துக் கோயிலிலிருந்து நடந்து வந்த பிறகு, பேர்பெச்சுவா மீன் ரோல்ஸ் பொரித்து, ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போய் அவருடைய கதவைத் தட்டினாள். மற்ற இருவரும் பின்னால் நின்றார்கள். திறந்த கதவுக்குள் ஒரு மேசை, ஒரு கோப்பை, எரிந்துகொண்டிருந்த ஒரு மெழுகுதிரி தெரிந்தன. வானொலியில் யாரோ கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். லூடெக்கிங் கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். பின்னேரம் தங்கையின் வீட்டுக்குப் புறப்படுகிறேன், அதற்காகத்தான் உடுத்துக்கொண்டு நிற்கிறேன் என்றார். அன்று முழுவதும் அவருடைய புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டேயிருந்தது.

மறுநாள் தட்டு திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, நடுவில் மூன்று அப்பிள் வைத்திருந்தார். பொரித்த மணம் கொடிக்கம்பம்வரை பரவியிருந்ததாகவும் சொன்னார்.

"நல்ல ருசியாம் அக்கா" என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

உயிர்த்த ஞாயிறோடு காம்பிங்காரர்கள் திரும்பி வந்தார்கள். தார்ப்பாயை அவிழ்த்தார்கள், புல் வெட்டினார்கள், பிறகு தலை நிமிர்ந்து பார்த்தபோது கறுத்த மனிதர் மூன்று பேர் பனிக்காலம் முழுவதும் அங்கேயே இருந்திருப்பது தெரியவந்தது. கன்ரீனில் கூட்டம் போட்டார்கள். அவர்கள் யாரும் வெளிநாட்டாருக்கு எதிரானவர்கள் அல்ல. அதை ஒவ்வொருவரும் பேசத் தொடங்குமுன் சொன்னார்கள். பிரச்சினை சட்டம்தான். காம்பிங் இடம் என்பது ஓய்வுக்கான இடம். அதில் ஒருவரும் குடியிருக்க முடியாது. ஆகவே கட்டட அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்யவேண்டும். தலைவர் என்ற முறையில் லூடெக்கிங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதைக் கூட்டத்துக்குத் தேநீர் ஊற்றிய காம்பிங் சொந்தக்காரி ஃபிறவ் ஹோல்ட்கம்ப் வந்து ஸ்ரனிஸ்லாஸிடம் சொன்னாள். இந்த மூன்று பேரின் வாடகையும் சமூக உதவி அலுவலகத்திலிருந்து தவறாமல் வந்ததால் அவளுக்கு அவர்கள்மேல் பட்சம் இருந்தது.

"ரோல்ஸ் திண்ட மனிசன்" என்றாள் பேர்பெச்சுவா. கட்டில் மேசையாகாமல் அன்று முழுவதும் கட்டிலாகவே கிடந்தது. மறுநாள் காலை ஸ்ரனிஸ்லாஸை இழுத்துக்கொண்டு நேரே லூடெக்கிங்கின் வேலிக்குப் போனாள்.

"கேள் தம்பி. நாங்கள் அவருக்கு என்ன செய்தனாங்கள்?"

லூடெக்கிங் கையில் இருந்த பூக்கத்தரியைக் கீழே வைத்தார். "தனிப்பட்ட முறையில் எதுவும் இல்லை. நீங்கள் ஒழுங்கான மனிதர்கள். ஆனால் இங்கே வசிப்பது சட்டப்படி தடை. நீங்கள் வசிக்கிறீர்கள்."

"அப்ப அவர்?"

ஸ்ரனிஸ்லாஸ் கேட்டான். லூடெக்கிங்குக்குக் கேள்வி விளங்கவில்லை போலிருந்தது. பிறகு சொன்னார்: "நான் காம்பிங் செய்கிறேன்."

இந்த ஒரு தடவை ஸ்ரனிஸ்லாஸ் எதையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தான்.

மே மாதத்தில், வழக்கத்துக்கு மாறான வெயிலும் மணற்காற்றுமாக இருந்த ஒரு நாள், கட்டட அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். காலில் றப்பர்ச் சப்பாத்து, கழுத்தில் கமரா. சங்கத்தார் லூடெக்கிங்கின் முற்றத்தில் வாங்குகளைப் போட்டுக் கேக்கும் கோப்பியும் வைத்து அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் கோப்பியைத் தொடாமல் முதலில் தமிழர்களின் கரவனுக்குப் போனாள். இன்னாசித்தம்பி நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு, சமூக உதவி அலுவலகம் கொடுத்த கடதாசியைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றார். அதில் வட்ட முத்திரை இருந்தது. பேர்பெச்சுவா உடுப்புகளைப் பையில் அடுக்கி முடித்துவிட்டாள். எங்கே அனுப்பினாலும் போகவேண்டியதுதான்.

அதிகாரி கடதாசியைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், முற்றத்துக்கு வந்தாள்.

"இவர்கள் அரசாங்கத்தால் இங்கே இருத்தப்பட்டவர்கள்" என்றாள். "விசேட அனுமதி இருக்கிறது. இவர்கள் இங்கே வசிக்கலாம்."

வாங்குகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"உங்களில் ஹெர் லூடெக்கிங் யார்?"

லூடெக்கிங் எழுந்து நின்றார். கை குலுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"முறைப்பாட்டைப் பற்றிப் பேச நீங்கள் கொடுத்த விலாசத்துக்குப் போயிருந்தேன்" என்றாள் அதிகாரி. "கதவைத் திறந்த அம்மையார், நீங்கள் அந்த வீட்டை விட்டுப்போய் மூன்று வருடம் என்றார். தேடுவதென்றால் சஹாராவில் தேடச் சொன்னார்." அவள் புகைபோக்கியையும் முன்னறையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?"

கோப்பிக் கோப்பைகளுக்குள் பார்ப்பதற்கு எல்லாருக்கும் திடீரென்று ஏதோ இருந்தது. லூடெக்கிங்கின் கழுத்துச் சிவந்து, அந்தச் சிவப்பு மெல்ல மெல்லக் காதுவரை ஏறியது. வேலிக்கு அப்பால் நின்ற ஸ்ரனிஸ்லாஸ் நடப்பதை முணுமுணுப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சொல்லு தம்பி" என்றாள் பேர்பெச்சுவா. "அவர் எங்கடை வீட்டிலைதான் இருக்கிறார் எண்டு சொல்லு."

"அக்கா, உங்களுக்கென்ன விசரோ?"

"சொல்லெண்டால் சொல்லு."

ஸ்ரனிஸ்லாஸ் சொன்னான். அதிகாரி திரும்பிப் பார்த்தாள். அகதிகளின் இருப்பிடத்தில் இரவு தங்கும் விருந்தாளிக்கு முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும், பெற்றிருக்கிறீர்களா என்று கேட்டாள். ஸ்ரனிஸ்லாஸ் வாயைத் திறக்குமுன் லூடெக்கிங் பேசிவிட்டார்.

"இல்லை" என்றார். "நான் இங்கே வசிக்கிறேன்."

மெதுவான குரலில்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லை அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அதுவே முதல் தடவை என்பது கேட்டவர்களுக்கு விளங்கியது. சொன்ன பிறகு வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி புகைபோக்கியைப் படம் எடுத்தாள்.

ஜூன் முடிவதற்குள் முன்னறையையும் புகைபோக்கியையும் கழற்றிவிட்டு அவர் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. உபதலைவர் தலைவரானார். சங்கத்துக்குச் சொந்தமானது என்பதால் கொடிக்கம்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சஹாராவில் வேறு இரண்டு மூன்று கரவன்களிலும் புகைபோக்கி இருந்தது. அந்தக் கிழமையிலேயே அவை மாயமாக மறைந்தன. லூடெக்கிங்கோடு யாரும் சண்டை பிடிக்கவில்லை. அவர் நடந்து போனால் புல் வெட்டும் யந்திரத்தை இயக்கினார்கள், அவ்வளவுதான்.

பேர்பெச்சுவா கோபத்தை மறந்துவிடவில்லை. ஆனால் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கிவிட்டு அவற்றின்மேல் அவர் சும்மா இருப்பதைப் பார்க்கவும் அவளால் முடியவில்லை. தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்தார். மனைவி வீட்டைத் தன் பெயரில் வைத்திருந்ததையும், ஒரு கோடையில் காம்பிங்குக்குப் போனவரைத் திரும்பி வரவேண்டாம் என்று அவள் சொன்னதையும், இரண்டு வசனத்தில் ஸ்ரனிஸ்லாஸிடம் சொன்னார். தங்கை என்று யாரும் இல்லை.

"அவரைச் சோசியல் ஒவ்வீசுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றாள் பேர்பெச்சுவா. "அவையள் சனத்தை எங்கையாவது கொண்டுபோய் வைப்பினம்தானே."

லூடெக்கிங் மறுத்தார். வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சாப்பிட்டவன், அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றார். ஜூன் கடைசிக் கிழமை வந்தபோது, கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்து ஸ்ரனிஸ்லாஸின் கரவன் கதவைத் தட்டினார்.

அலுவலகத்தின் நடைபாதையில் லெபனான்காரரும் கானாக்காரரும் தமிழரும் காத்துக்கொண்டிருந்த வாங்கில் அவரும் இருந்தார். வாசலில் இலக்கத் துண்டு எடுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் எடுத்துக் கொடுத்தான். முறை வந்தபோது மேசைக்குப் பின்னாலிருந்த அதே பெண், லூடெக்கிங்கை ஸ்ரனிஸ்லாஸுக்கு உதவிக்கு வந்த நல்ல மனிதர் என்று எண்ணி நன்றி சொன்னாள்.

"இல்லை" என்றான் ஸ்ரனிஸ்லாஸ் தன் ஜெர்மனில். "நான் உதவி. இவர் பிரச்சினை."

"எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறார்?"

"இங்கிருந்து."

அவள் விவரத்தைக் கேட்டறிந்தாள். வீடில்லாத குடிமகன் ஒருவருக்குக் கூரை கொடுப்பது நகரத்தின் கடமை என்று சொன்னாள். லூடெக்கிங் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் நகரத்தின் விடுதிகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன என்றும் சொன்னாள். ஒரு கோவையைப் புரட்டினாள். ஓரிடத்தில் மட்டும் ஒரு கட்டில் வெறுமையாக இருந்தது. தற்காலிகமாக, இரண்டு கிழமைக்கு. சஹாரா காம்பிங். இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும், அந்த இன்னொருவர் இதோ நிற்கிறார், அவருக்கு ஆட்சேபணை உண்டா?

ஸ்ரனிஸ்லாஸுக்கு ஆட்சேபணை நிறைய இருந்தது. அவற்றைச் சொல்லப் போதிய ஜெர்மன் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் லூடெக்கிங் வட்ட முத்திரை குத்திய கடதாசியோடு சஹாராவுக்குத் திரும்பி வந்தார். புதிய தலைவர் கொடிக்கம்பத்தை நட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், கடதாசியை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். தலைவர் அதை இரண்டு தரம் வாசித்தார். ஃபிறவ் ஹோல்ட்கம்ப் ட்ரக்ரரைக் கொண்டுவந்து லூடெக்கிங்கின் பழைய கரவனைப் பழைய இரும்புக்காரனிடம் இழுத்துப்போனாள். அவர் அதைப் பார்க்க வெளியே வரவில்லை. உள்ளே ஸ்ரனிஸ்லாஸின் போர்வைகளை நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மத்தியானத்திலை இருமவும் விடுறானில்லை" என்று ஸ்ரனிஸ்லாஸ் வந்து முறையிட்டான்.

"நீதானே கூட்டிக்கொண்டு வந்தனீ."

"நீங்கள்தானே அனுப்பினீங்கள்."

ஆனால் இருத்தப்பட்டவர் என்ற நிலை லூடெக்கிங்குக்கு ஒரு புதிய உலகத்தைத் திறந்துவிட்டது. இவ்வளவு காலமும் விதி என்றால் மற்றவர்கள் செய்யக்கூடாதவை என்றுதான் அவர் அறிந்திருந்தார். இப்போது அலுவலகம் செய்யவேண்டியவையும் விதியில் இருக்கக் கண்டார். சுவரில் ஈரம் கசியக்கூடாது. ஒரு தம்பதிக்கு இவ்வளவு சதுர மீற்றர் இடம் வேண்டும். தற்காலிகம் என்றால் அதற்கு ஒரு முடிவு வேண்டும். அவர் தனக்காகக் கேட்கவில்லை, கேட்க வெட்கப்பட்டார். இன்னாசித்தம்பிக்காகவும் பேர்பெச்சுவாவுக்காகவும் கேட்டார். கிழமைக்கு ஒரு அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினார். பதில் வராவிட்டால் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு நேரே போனார். கட்டில் ஏன் மேசையாக இருக்கவேண்டும் என்று அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டபோது, அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அடுத்த பனி விழுமுன் பீலெஃபெல்ட் நகரத்துக்குள் இரண்டு அறையும் ஒரு குசினியும் இன்னாசித்தம்பிக்கும் பேர்பெச்சுவாவுக்கும் கிடைத்தன. இரக்கத்தால் கிடைத்ததா, தொல்லை தாங்காமல் கிடைத்ததா என்று இன்னாசித்தம்பி யோசித்தார். பொதி சரியான ஊருக்கு வந்துவிட்டால் யார் அனுப்பினார் என்று கேட்கும் வழக்கம் ரயில்வேயில் இல்லை. புறப்படுகிற நாளில் லூடெக்கிங் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தார். பேர்பெச்சுவா அவருக்குச் சொல்ல ஒரு ஜெர்மன் வசனத்தை இரண்டு நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தாள். பஸ் வந்தபோது அது மறந்துபோய்விட்டது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "கவனமாய் இருங்கோ" என்று தமிழில் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

எண்பத்தேழில் ஸ்ரனிஸ்லாஸ் கனடாவுக்குப் போய்விட்டான். அங்கே அவன் நன்றாக இருக்கிறான் என்று கடிதம் வந்தது. அவனுடைய வசனங்களில் எவ்வளவு சொந்தச் சரக்கு என்பது அவர்களுக்குத் தெரியுமாதலால் கொஞ்சம் கழித்துக்கொண்டே சந்தோசப்பட்டார்கள். அன்ரனிற்றா அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். இன்னாசித்தம்பிக்கு ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது.

1989 வசந்தத்தில், பேசாலையைச் சேர்ந்த சிசிலி என்ற பெண் இரண்டு பிள்ளைகளோடு புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பேர்பெச்சுவா அவளைப் பார்க்கப் போனாள். மூடிக்கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தை அலுவலகம் ஹைமாக மாற்றியிருந்தது. சிசிலிக்கு அறையைப் பற்றிக் குறையில்லை. குறை எல்லாம் பராமரிப்பாளனைப் பற்றித்தான்.

"பொல்லாத கிழவன் அக்கா. எதைக் கேட்டாலும் ஏலாது எண்டுறான்."

"ஜெர்மனிலை சொன்னது உனக்கு விளங்கினதோ?"

"இல்லையக்கா, தமிழிலைதான் சொன்னவன். 'ஏலாது' எண்டு. ஆரோ பழக்கிவிட்டிருக்கினம்."

பேர்பெச்சுவா மாடிப்படியில் இறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனாள். கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஒரு கதவில் லூடெக்கிங் என்று பெயர் எழுதியிருந்தது. அலுவலகப் பெண் அவரை வேலைக்கு எடுத்திருந்தாள். அவருடைய அன்ராக்குகளை மேசையில் வாங்குவதைவிட அவரைச் சம்பளத்தில் வைத்திருப்பது லேசு என்று அவள் கண்டிருக்க வேண்டும். அறையில் கட்டில் ஒரு பக்கம், மேசை இன்னொரு பக்கம். நீல மேலங்கியோடு அவர் எழுந்து, கதிரையை அவளுக்குத் துடைத்து வைத்தார். இருவருக்கும் இப்போது ஓரளவு பேச்சு இருந்தது. அவள் ஜெர்மனில் கேட்டாள், அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். முதுகு வலிக்கிறது என்றார். விவாகரத்து முடிந்துவிட்டது என்றார். இந்தக் கட்டடத்தில் நூற்றிப்பத்துப் பேர், ஒருவரும் வாசலில் சப்பாத்தை ஒழுங்காக வைப்பதில்லை என்றார்.

"மேலே சிசிலியின் சின்ன மகனுக்கு இருமல்" என்றாள் அவள். "யன்னல் சரியாக மூடுவதில்லை."

"ஏலாது" என்றார் அவர். பிறகு கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் படியேறினார்.

அவர் யன்னல் சட்டத்தைச் சீவிக்கொண்டிருக்கையில், சிசிலி அடுப்படியில் நின்று மெதுவாகக் கேட்டாள். "அக்கா, உங்களுக்கு உந்தாளை எப்பிடித் தெரியும்?"

பேர்பெச்சுவா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவரும் அகதியாய்ப் பதிஞ்ச ஆள்தான்" என்றாள். "கொஞ்சம் முசுடு. ஆனால் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடு, சந்தோசப்படுவார்."